எண்ணெய் தின்னும் பொடியும் வெட்டிவேர் நாத்தும்: லாரிப் பட்டறை மண்ணுக்குப் போட்டுப் பார்த்ததில்

சங்ககிரி பக்கம் அப்பா நடத்துன லாரிப் பட்டறையை மூடியாச்சு. அந்த இடத்துல தென்னை வைக்கலாம்னா மண்ணு விடல. வருஷக்கணக்கா டீசலும் கழிவு ஆயிலும் ஊறி, மேல ஒரு அடிக்குக் கன்னங்கரேல்னு கிடந்துச்சு. மழை பேஞ்சா தண்ணி உள்ள இறங்காது, மேலயே நின்னு கலர் கலரா படலம் கட்டும். "ஜேசிபி விட்டு அள்ளிக் கொட்டிரு கண்ணு"ன்னார் சித்தப்பா. எங்க கொட்டறது, அடுத்தவங்க காட்டுலயா? அதான், நுண்ணுயிர்ப் பொடியும் வெட்டிவேர் நாத்தும் சேர்த்துத் தர்ற ஒரு சர்வீஸைப் பிடிச்சேன்.

முதல்ல பொடி. கிலோ 450 ரூபாய். டெரிங்கற ஆராய்ச்சி நிறுவனத்தோட 'ஆயில்சாப்பர்' பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க: அஞ்சு வகை பாக்டீரியாவை மக்காச்சோளக் கதிர்ச் சக்கைப் பொடியில ஏத்தித் தர்றது, 3 மாசம் தாங்கும். நான் வாங்குனது அது இல்லீங்க, இவங்க சொந்தச் சரக்கு. பாக்கெட்ல தயாரிச்ச தேதியே காணோம். உயிரோட இருக்க வேண்டிய சரக்கைத் தேதி போடாம எப்படி விக்கறாங்களோ! கேட்டா, "தூவி விடுங்க மேடம், மத்ததை அதுவே பார்த்துக்கும்"னு பதில்.

அதுவே பார்த்துக்காது. டீசல்ல இருக்கறது கார்பனும் ஹைட்ரஜனும்தான். அதைத் தின்னு பெருகணும்னா கிருமிக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ், காத்து, ஈரம் எல்லாம் வேணும். 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ்னு ஒரு கணக்கு சொல்வாங்க. தொழுவுரம், கொஞ்சம் டிஏபி உரம், தென்னைநார்க் கழிவு எல்லாம் கலந்து ரொட்டவேட்டர் ஓட்டினேன். ஈரம் புட்டு மாவுப் பதத்துல இருக்கணும், பிடிச்சா நிக்கணும், அழுத்துனா உதிரணும். தண்ணி தேங்குச்சுன்னா காத்து போகாது, வேலையும் படுத்துரும்.

ஒரு ஓரத்துல மட்டும் இதெல்லாம் செஞ்சுட்டுப் பொடியைப் போடாம விட்டேன். ரெண்டு பக்க மண்ணையும் டப்பாவுல அள்ளிப் பச்சைப்பயறு ஊனிப் பார்த்தா, ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் முளைச்சுச்சு. முன்னாடி அந்த மண்ணுல பயறு அழுகித்தான் போகும். 1989ல அலாஸ்காவுல எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டுனப்பவும் கரையில உரம் தெளிச்சு, அங்கயே இருந்த நுண்ணுயிரைத்தான் வேலை வாங்கினாங்க. எண்ணெய் ஊறிக் கிடக்கற மண்ணுல அதைத் தின்னப் பழகுன கிருமி ஏற்கெனவே இருக்கும். நாம அதுக்குச் சோறு போட்டாப் போதும். பொடிக்கு 5க்கு 2.

வெட்டிவேருக்குத் தாராளமா 5க்கு 4 தருவேன். டீசலை வேர் உறிஞ்சி மேல ஏத்திருமுன்னு நினைக்காதீங்க. வேர் விடற சர்க்கரையும் அமிலமும் தின்னு சுத்தியிருக்கற நுண்ணுயிர் பெருகும், வேர் துளைச்ச வழியில காத்து இறங்கும். ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரை ஒட்டுன மண்ணு பொலபொலன்னு பழுப்பா உதிருது. மோந்து பார்த்தா டீசல் வாடையே இல்ல. ஒரு சாண் தள்ளி இன்னும் கறுப்புக் கட்டிதான். ஒரு மார்க் குறைச்சது, நாத்துல பாதி காய்ஞ்சு வந்ததுக்கு.

டீசல் சிந்துன இடம் சீக்கிரம் தெளிஞ்சுது. கழிவு ஆயில் ஊத்துன குழிப்பக்கம் இன்னும் பிசுபிசுப்பு போகல, கனமான எண்ணெய்க்கு நாள் பிடிக்கும். தரைக்கடியில டேங்க் ஒழுகி ஆழத்துக்கு, நிலத்தடி நீர் வரைக்கும் இறங்கியிருந்தா இந்த வேலைக்கே போகாதீங்க. ரொட்டவேட்டரும் அத்தனை ஆழம் போகாது, வேரும் எட்டாது.

பழைய பேட்டரி உடைச்ச மூலையை இதுல சேர்க்கல. ஈயத்தைத் தின்னு இல்லாம ஆக்கற கிருமி எதுவும் கிடையாது. அந்த மண்ணைத் தனியா டிரம்ல அள்ளி மூடி வெச்சிருக்கேன். அதுக்கு என்ன வழின்னு கேட்டதுல இருந்து சர்வீஸ்காரர் போனே எடுக்கறதில்ல.