கழுத்து வட்டு பிதுங்கிய மல்யுத்த வீரருக்குப் பிசியோதெரபியா, அறுவை சிகிச்சையா?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானப் பகுதியில் ஜூடோவோ மல்யுத்தமோ பழகும் ஒருவருக்கு, கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி தோளிலிருந்து கட்டைவிரல் வரை இறங்கும்.

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் மருந்தாலும் பிசியோதெரபியாலுமே வலி தணிந்துவிடுகிறது. கழுத்தின் இயல்பான அசைவும் குறைவதில்லை என்பதால், நான் இதையே முதலில் சொல்வேன். ஆனால் வலி குறைந்தவுடன் களத்தில் இறங்கக் கூடாது. தலையைத் தரையில் ஊன்றி உடலை வில்லாக வளைப்பதை நெடுநாள் தவிர்த்து, நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலை அசையாமல் மெல்ல எதிர்த்து அழுத்தும் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும். சலூனில் கழுத்தைச் சொடுக்கெடுத்துக்கொள்ளும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் வட்டை அகற்றி இரு எலும்புகளையும் இணைக்கிறார்கள். நரம்பின் அழுத்தம் உடனே நீங்கினாலும், இணைந்த இடம் அசையாததால் மேலும் கீழும் உள்ள வட்டுகள் கூடுதல் சுமையைத் தாங்க நேரிடுகிறது. ஓரிடத்தில் மட்டும் இணைத்து, எலும்பு நன்கு கூடியவர்கள் மருத்துவரின் அனுமதியுடன் களத்துக்குத் திரும்பியதுண்டு; பல இடங்களில் இணைத்தவர்கள் பிடிபோடும் ஆட்டத்தை விட்டுவிடுவதே நல்லது.

கை நாளுக்கு நாள் பலமிழந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறினாலோ இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. அன்றே அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.