புறவாசலில் மூன்று வெந்நீர் அடுப்புகள்

அம்பாசமுத்திரத்தில் வெந்நீர் மார்கழிக்கு மட்டும் உரியதன்று. ஆனி, ஆடியில் பாபநாசம் மலையிலிருந்து சாரல் இறங்கும் நாட்களிலும், வீட்டில் முதியவர்கள் இருந்தால் ஆண்டு முழுவதுமே, விடியற்காலையில் புறவாசல் அடுப்பு எரிந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே தாழ்வாரத்தின் கீழ் மூன்று அடுப்புகள் இருக்கின்றன: ஆச்சி காலத்து மண் அடுப்பும் அண்டாவும், அப்பா வாங்கிய செம்பு பாய்லர், சென்ற ஐப்பசியில் நான் வாங்கிய எவர்சில்வர் விறகு பாய்லர். ஒரு பருவம் முழுவதும் மூன்றையும் மாற்றி மாற்றி எரித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

மண் அடுப்பின் பெருங்குறை, தீயின் பெரும்பகுதி அண்டாவைத் தொடாமலே வெளியேறிவிடுவது. 50 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 7 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நன்கு உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தருவதால், ஒன்றும் வீணாகாவிட்டால் அரைக் கிலோ விறகே போதும். ஆனால் திறந்த அடுப்பில் பாத்திரத்துக்குள் ஏறுவது பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்கு என்பதால், தராசில் நான்கு கிலோ நிறுத்து வைத்தும் பற்றாமல் போன நாட்கள் உண்டு. ஆயினும் தென்னை மட்டை, கொதும்பு, பனை ஓலை என்று தோட்டத்தில் விழுவது எதையும் வெட்டாமல் அப்படியே உள்ளே தள்ளலாம் என்னும் வசதி மற்ற இரண்டிலும் இல்லை.

செம்பு பாய்லரின் அமைப்பை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நடுக்குழாயில் தீயும் அதைச் சுற்றித் தண்ணீரும் இருக்க, மேலேயுள்ள புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், அது அடிக்குச் சென்று, மேலே நிற்கும் சூடான நீரை அதே அளவுக்கு மூக்கு வழியே தள்ளுகிறது; ஊற்றினால்தான் கிடைக்கும் என்பதால் பாய்லர் வற்றிக் கருகுவதற்கு இடமே இல்லை. சிரட்டையும் சுள்ளியும் இதற்குப் போதும், ஆனால் 20 லிட்டருக்கு மேல் கொள்ளாது.

புதியதும் அதே தத்துவந்தான்; பெரிய தீயறை, கதவு, புகைபோக்கி, மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் ஆகியவை கூடியிருக்கின்றன. செம்புதான் சீக்கிரம் சூடேறும் என்று கடையில் விலை கூடியதைக் காட்டினார்கள். செம்பு வெப்பத்தைக் கடத்துவது எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேல் என்பது உண்மையே. ஆனால் தகடு மிக மெல்லியது ஆதலால், வேகத்தைத் தீர்மானிப்பது உலோகமன்று, தீயை எதிர்கொள்ளும் பரப்பும் புகை அதை உரசிச் செல்லும் தூரமுமே ஆகும். அதே 50 லிட்டருக்கு உலர்ந்த உடைமர விறகு ஒன்றரைக் கிலோ ஆனது. கண் எரிச்சலும் இல்லை.

குறை தெரிந்தது கார்த்திகை மழையில். அப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் பாதி வரை நீர் இருக்கும். தீயின் வலு அதை ஆவியாக்குவதிலேயே போய், குளிர்ந்த புகை தாராகப் புகைபோக்கியின் உட்புறம் படிந்துவிடும். இரண்டே மாதத்தில் தூரிகை விட்டு இழுத்தபோது கரி கட்டியாக வந்தது. போதாக்குறைக்கு, கடைக்காரர் கொடுத்த புகைபோக்கி ஓட்டுக்கு அடியிலேயே முடிந்ததால், மேலும் மூன்றடிக்குத் தனியாகப் பணம் கொடுத்தேன்; இதை அவர் முன்பே சொல்லியிருக்கலாம். 1980-களில் தொடங்கி 2002-இல் முடிந்த தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தின் புகையில்லா அடுப்புகளில் பல, இத்தகைய பராமரிப்பு இல்லாமலே கைவிடப்பட்டன.

நான்கு பேருக்கு மேல் குளிக்கும் வீட்டுக்கு, விறகை நனையாமல் அடுக்க இடமிருந்தால், புதியதையே பரிந்துரைப்பேன்; இருவர் மட்டும் என்றால் பழைய செம்பு பாய்லரைத் தேடி வாங்கலாம். எதுவானாலும் மூடிய குளியலறைக்குள் வைக்கக் கூடாது, ஏனெனில் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் உள்ளே உப்புப் படியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மண் அடுப்பை நான் இடிக்கவில்லை. தை பிறந்தால் பனங்கிழங்கு அவிக்கும் பெரிய பானை அதன் மேல் மட்டுமே உட்காரும்.