ஆர்க்டிக் வானில் சந்திர கிரகணம்: ஸ்டெல்லேரியம் மென்பொருள் மதிப்புரை

சந்திர கிரகணத்தைக் காண நார்வேயின் வடகோடிக்குப் போகலாமா என்று மொரீசியஸில் இருந்துகொண்டு எண்ணுபவர்கள், விமானச் சீட்டுக்குப் பணம் கட்டும் முன் எந்த ஊரின் வானத்தையும் கணினித் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்னும் மென்பொருளில் அந்த இரவை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரெஞ்சு நிரலாளர் ஃபாபியன் ஷெரோ 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்து, விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. எஃப் 6 விசை இடத்தையும், எஃப் 5 விசை நாளையும் நேரத்தையும் மாற்ற உதவுகின்றன. எஃப் 10 சாளரத்தில் கிரகணங்களின் பட்டியலே உண்டு.

இந்தியாவில் அச்சாகும் பஞ்சாங்கம் கிரகண நேரத்தைத் தருகிறது; மொரீசியஸ் நேரத்தை அறிய நாம் அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் நிலவு வானத்தில் எங்கே நிற்கும் என்பதுதான் காண்பவருக்கு முக்கியம். அதை இந்த மென்பொருள் கண்முன் காட்டிவிடுகிறது. 2018 ஜூலை 27 அன்று 103 நிமிடங்கள் நீடித்த முழுக் கிரகணத்தின்போது நம் தீவில் நிலவு ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நின்றது. அதே இரவை நார்வேயின் திரோம்சோ நகருக்கு மாற்றிப் பாருங்கள்: முழு மறைவு முடியும்வரை நிலவு அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதால், நள்ளிரவிலும் சூரியன் தங்கும் வடதுருவக் கோடையில் அது மிகத் தாழ்ந்தே செல்லும். குளிர்காலத்தில், சூரியன் எழாத நாட்களில், முழுநிலவு மறையாமல் வானத்தைச் சுற்றிவரும்.

2019 ஜனவரி 21-ஐயும் தவறாமல் பாருங்கள். அது நம்முடைய தைப்பூசக் காவடி நாள். கிரகணத்தின் உச்சம் நமக்குக் காலை 9:12 மணிக்கு நிகழ்ந்ததால், காவடி ஏந்தியவர்கள் வெயிலில் நடந்துகொண்டிருந்தபோது நிலவு நம் காலடிக்குக் கீழே, பூமியின் மறுபக்கத்தில் சிவந்திருந்தது. திரோம்சோவிலோ அது மேற்கு வானத்தில் 17 பாகை உயரத்தில் இருந்தது.

இனி வரும் கிரகணங்களுக்கு வருவோம். 2028 டிசம்பர் 31 அன்று முழுக் கிரகணம் நமக்கு இரவு 8:16 முதல் 9:28 வரையிலும், திரோம்சோவில் அதற்கு மூன்று மணி நேரம் முந்திய கடிகார நேரத்திலும் தெரியும். நடுக்கிரகணத்தில் நிலவின் உயரம் அங்கே 22 பாகை, இங்கே 24 பாகை என்பதைக் கண்டபோது எனக்குப் பெருவியப்பு ஏற்பட்டது. உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நிலவின் சாய்வுதான் மாறுகிறது. பூமியின் நிழலின் மையத்துக்கு வடக்கே நிலவு செல்வதால் அதன் வட ஓரம் சற்று வெளிச்சமாக இருக்கும். அந்த ஓரம் திரோம்சோவில் மேற்புறமாகவும், நம் வடகிழக்கு வானத்தில் இடப்பக்கக் கீழ்ப்புறமாகவும் அமையும். இந்தச் சாய்வைச் சரியாகக் காண, பார்வை முறை அடிவானத்தைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். கண்ட்ரோலும் எம் விசையும் சேர்ந்து அழுத்தப்பட்டால் அது மாறிவிடும் என்பதால் கவனம் தேவை.

சில எல்லைகளையும் சொல்ல வேண்டும். இடத்தை மாற்றினாலும், மென்பொருளில் முதலில் அமைந்திருக்கும் பிரெஞ்சுச் சிற்றூரின் மரங்களே அடிவானத்தில் நிற்கும். எனவே கடற்காட்சியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது, திரோம்சோவைச் சூழ்ந்த மலைகளை நாமே மனத்தில் கொள்ள வேண்டும். நிலவு எவ்வளவு சிவக்கும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 1991-இல் பினாதுபோ எரிமலை வெடித்துத் தூசியை மேல்வானில் நிரப்பியதால், 1992 டிசம்பர் 9-ஆம் நாள் கிரகணத்தில் நிலவு கண்ணுக்கு அரிதாகும் அளவுக்கு இருண்டது. எந்தக் கணக்கும் அத்தகைய தூசியையும் மேகத்தையும் முன்னறியாது.

ஆகவே 2028-க்காக யாரும் தீவை விட்டுப் போக வேண்டியதில்லை. கடற்கரையில் வடகிழக்குத் திறந்திருக்கும் இடம் போதும். வடக்கே செல்ல விரும்புவோர் 2029 டிசம்பர் 20-ஐக் குறித்துக்கொள்ளலாம். அன்று 54 நிமிட முழுக் கிரகணம் திரோம்சோவில் நள்ளிரவை ஒட்டி நிகழ்கிறது. நிலவு தெற்கே 43 பாகை உயரத்தில், அந்த ஊரில் முழுக் கிரகண நிலவு ஏறக்கூடிய உச்சத்தை ஏறத்தாழத் தொட்டு நிற்கும். நமக்கு அது 21-ஆம் நாள் விடியற்காலை 2:42 மணி.