முப்பது மாத்திரையில் பதினொன்று மிச்சம்

ஆறு வருஷம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். லண்டன் திரும்பி இரண்டு வாரம் ஆகியும் மனசில் நிற்பது அத்தை வீட்டுத் திண்ணையில் நடந்த அந்த அரை மணி நேரம்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் சின்னக் கிராமம். அத்தைக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. முன்பெல்லாம் மாத்திரை வாங்கப் போவது எப்படி என்று உங்களுக்கே தெரியும்: முதல் பஸ், ஓ.பி. சீட்டு, வரிசை, திரும்பி வருவதற்குள் அன்றைய கூலி போச்சு. இப்போது தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். அதே ஊர்க்காரர், மகளிர் குழுவில் இருப்பவர்.

"வாத்தா" என்று அத்தை பாய் விரித்தார். வந்தவர் பிரஷர் பார்த்தார், விரல் நுனியில் குத்தி சுகர் பார்த்தார், அப்புறம் பழைய அட்டையைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாக எண்ணினார்.

"அப்பத்தா, முப்பது குடுத்தேன். பதினொன்னு மிச்சம் இருக்கே?"

அத்தை முந்தானையைத் திருகிக்கொண்டு, கடலை ஆயப் போகிற நாளில் போடுவதில்லை, வயிறு கடமுடங்குது என்றார். என்னிடம் போனில் வாராவாரம் "ஒழுங்காப் போடுறேன்யா" என்று சொன்னவர்! வெறும் வயிற்றில் போட்டதுதான் விஷயம் என்று அந்தப் பெண் விசாரித்துக் கண்டுபிடித்தார். கஞ்சி குடித்த பிறகு போடச் சொல்லி, டாக்டரிடம் காட்டவும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அதற்கு முந்தின வாரம்தான் அத்தைக்கு மதுரை டவுனில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் டெஸ்ட் எடுத்து, ஒன்றுக்கு மூன்றாக மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே இருப்பதைச் சாப்பிடுகிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. லண்டனிலும் மாத்திரை வீடு தேடி வரும்தான், ஆனால் டப்பாவைத் திறந்து எண்ண யார் வருகிறார்கள்? டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கே போனில் வரிசை பிடிக்க வேண்டும்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம், 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. சந்தோஷம். ஆனால் கூலிக்குப் போகிற அத்தை உண்மையைச் சொன்னது விருதுக்காக இல்லை, தெரிந்த வீட்டுப் பெண் கேட்டதால். வெயிலில் சொந்த வண்டியில் தெருத்தெருவாகப் போகிற இவர்களுக்கு நிலையான வேலையும் கௌரவமான சம்பளமும் கொடுக்காமல் இது எத்தனை வருஷம் ஓடும்?

அந்தப் பெண் கிளம்பும்போது பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஐநூறு ரூபாய் நீட்டினேன். வாங்கவில்லை.

"வேணாம்ணே. ஞாயித்துக்கிழமை போன் பேசுறப்ப, சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டீங்களான்னு மட்டும் கேளுங்க."