நான்கு மூலையிலும் பெரிய புள்ளி தெரிந்தால் முன்பணம் அனுப்பாதீர்கள்

போன வாரம் ஈரோட்டில் இருந்து ஒரு தம்பி ஒரு வீடியோ அனுப்பி, "அண்ணா, இந்தப் பின்பால் மெஷின் எப்படிங்க? முன்பணம் கேக்குறாங்க" என்று கேட்டார். 40 நொடி வீடியோ. பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதே கிடங்கு, அதே பச்சைத் தார்ப்பாய். தை மாதம் எனக்கு அனுப்பிய அதே வீடியோ. அதில் இருக்கும் மெஷின் இப்போது என் வீட்டு முன்னறையில் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெஷினின் பெயர் பேபி பேக்-மேன். அமெரிக்காவின் பாலி நிறுவனம் 1982இல் கொண்டுவந்தது, சுமார் 7,000 மட்டுமே செய்தார்கள். பாதி வீடியோ கேம், பாதி பின்பால், அதாவது சாய்வான பலகையில் உருளும் குண்டை பட்டன் அமுக்கி அடித்து, கீழே விழாமல் காக்கும் ஆட்டம். மேலே திரையில், பேய்களுக்குத் தப்பிப் புள்ளிகளைத் தின்னும் பேக்-மேன் ஓடுவான், கீழே கண்ணாடிக்கு அடியில் குட்டையான பின்பால் பலகை இருக்கும். பேய்களிடம் சிக்காமல் திரையின் அடிப்பக்கம் உள்ள இரண்டு சுரங்கங்களில் ஒன்றில் நுழைந்துவிட்டால், மேலே எல்லாம் அப்படியே நின்றுவிடும். கீழே நிஜமான இரும்புக் குண்டு துள்ளி வரும். ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் பக்கவாட்டு பட்டன்களுக்குக் கொண்டுபோக வேண்டும். குண்டு கைதவறி விழுந்ததும் ஆட்டம் மறுபடி திரைக்குத் திரும்பும். அப்போது சுரங்கம் மூடியிருக்கும். ஒரு உயிர் போக வேண்டும், அல்லது திரையில் உள்ள புள்ளிகளை முழுதாகத் தின்று தீர்க்க வேண்டும். அதன் பிறகுதான் திறக்கும்.

பனியன் கம்பெனி வேலையாக 1998இல் அமெரிக்கா போயிருந்தபோது, ஒரு துணி துவைக்கும் கடை மூலையில் இதை முதன்முதலாக ஆடினேன். மூன்று வாரம், தினமும் சாயங்காலம். அந்தக் குண்டு வெளியே வரும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒன்று சொந்தமாக வாங்கி வீட்டில் வைக்க வேண்டும் என்று இத்தனை வருடம் ஆசைப்பட்டேன். கோவைப் பக்கம் ஒரு பழைய பொருள் வியாபாரியிடம் இருப்பதாகத் தெரிந்ததும், விலை 1,90,000 என்றாலும் தயங்கவில்லை.

நேரில் பார்க்கத்தான் போனேன். அவர் சொன்ன நாளில், அவர் சொன்ன நேரத்துக்கு. போனால் கரண்ட் இல்லை. "இன்னைக்கு பராமரிப்பு மின்தடைங்க, சாயங்காலம்தான் வரும். வீடியோவ நீங்கதான் பார்த்துட்டீங்களே. நம்மூர்க்காரங்க, நம்பி எடுங்க" என்றார். மரப்பெட்டி, கண்ணாடி, ஓவியம் எல்லாம் பளபளவென்று இருந்தன. மயங்கிவிட்டேன். அங்கேயே 70,000 ஜிபேயில் அனுப்பினேன், மீதியை வண்டியில் ஏற்றும்போது கொடுத்தேன். பில் கேட்டதற்கு, பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அந்த மின்தடை அறிவிப்பு முந்தின நாள் பேப்பரிலேயே வந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். தெரிந்தே அந்த நாளைக் கொடுத்திருக்கிறார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

குட்டியானையில் வந்து இறங்கியது. நாலு பேர் பிடித்து உள்ளே வைத்தோம். அமெரிக்க மெஷின் என்பதால் நம் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் பெட்டி ஒன்றும் கூடவே கொடுத்திருந்தார். சுவிட்சைப் போட்டேன். திரை வந்தது, பாட்டு வந்தது, பேக்-மேன் ஓடினான். கீழே குண்டை அடிக்கும் குட்டித் துடுப்புகள், அதாவது ஃபிளிப்பர் இரண்டும் டக் டக் என்று அடித்தன. என் மனைவியும் மகளும் கை தட்டினார்கள். அரை மணி நேரம் ஆடியும் அடிப்பக்கத்துச் சுரங்கம் மட்டும் வரவே இல்லை. அப்போதுதான் திரையை உற்றுப் பார்த்தேன். நான்கு மூலையிலும் நான்கு பெரிய புள்ளிகள், பேய்களைத் தின்னும் சக்தி தருகிற அந்தப் புள்ளிகள், மின்னிக்கொண்டிருந்தன.

பேபி பேக்-மேனில் அவை ஆரம்பத்தில் இருக்கவே இருக்காது. கீழே பின்பால் ஆடித்தான் அவற்றைச் சம்பாதிக்க வேண்டும். இந்த மெஷினின் உயிரே அந்த ஏற்பாடுதான். என் திரையில் ஓடியது சாதாரண பேக்-மேன்.

பின்கதவைத் திறந்தேன். பழைய டியூப் திரை போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு தட்டை மானிட்டர், அதன் பின்னால் உள்ளங்கை அளவில் நூற்றுக்கணக்கான விளையாட்டு ஏற்றிய மலிவு போர்டு ஒன்று. திரையையும் ஒலியையும் நடத்தும் அசல் போர்டை விடியட் என்பார்கள். அது இல்லவே இல்லை. பின்பாலை நடத்தும் முக்கிய போர்டு மட்டும் இருந்தது, ஆனால் அதில் சாலிடர் செய்திருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, சுற்றிலும் பச்சைப் பூஞ்சை பிடித்ததுபோல் செம்பை அரித்துவிட்டிருந்தது. அந்தக் காலத்து பாலி மெஷின்களுக்கு வழக்கமாக வருகிற நோய் இது. பழைய மெஷின் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமே இந்தப் பேட்டரிதான்.

அப்படியானால் ஃபிளிப்பர் எப்படி அடித்தது? பட்டனில் இருந்து நேராக வயர் இழுத்திருந்தார்கள். ஒழுங்கான பின்பாலில் ஆட்டம் நடக்கும்போது மட்டும்தான் ஃபிளிப்பருக்கு உயிர் வரும், அந்த அனுமதியை போர்டு கொடுக்கும். சும்மா நிற்கும் மெஷினில் பட்டனை அமுக்கியதும் ஃபிளிப்பர் அடித்தால் சந்தோஷப்படாதீர்கள், போர்டைத் தாண்டி வயர் போயிருக்கிறது என்று பொருள்.

மூன்றாம் நாள் புகை வாசம் அடித்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். ஃபிளிப்பரை இழுக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகியிருந்தது. அதைக் கழற்றி, கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். பம்ப் மோட்டாரும் கிரைண்டர் மோட்டாரும் சுற்றுகிற கடை, பின்பாலை அவர் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் பிரித்துப் பார்த்த ஐந்தே நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். "இதுல ரெண்டு சுத்து இருக்குதுங்க. ஒண்ணு இழுக்கறதுக்கு, ஒண்ணு பிடிச்சு வெக்கறதுக்கு. இழுத்து முடிஞ்சதும் மொதல் சுத்து கட்டாகோணும். அது கட்டாகாமயே ஓடியிருக்குதுங்க" என்றார். அதேதான். ஃபிளிப்பர் முழுதாக எழுந்ததும் விலக வேண்டிய சின்ன சுவிட்சை, விலகாதபடி வளைத்து வைத்திருந்தார்கள். ஃபியூஸாவது காப்பாற்றியிருக்கும் என்றால், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிச் செருகியிருந்தார்கள். மரப்பெட்டிக்குள், வீட்டுக்குள், குழந்தை ஆடுகிற பொருளில். பணம் போனதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வியாபாரியிடம் பேசினேன். முதலில் "வண்டியில ஆடியிருக்கும்ங்க" என்றார், அப்புறம் "பழைய பொருள்னா அப்படித்தானுங்க" என்றார், அப்புறம் போன் எடுக்கவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னேன். அங்கே வழி சொன்னார்கள். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் இல்லாதது எனக்குப் பெரிய குறைதான். ஜிபே ரசீதும் "நூறு சதவீதம் ஒர்க்கிங்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும்தான் கையில் இருக்கின்றன. அவற்றை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

ஈரோட்டுத் தம்பியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். நறுக்காத ஒரே வீடியோ கேளுங்கள். சுவிட்ச் போடுவதில் தொடங்கி, பேக்-மேன் சுரங்கத்தில் இறங்கி, குண்டு கீழே வந்து, அது விழுந்து, ஆட்டம் மறுபடி திரைக்குத் திரும்பும் வரை. மேலும் கீழும் ஒன்றோடொன்று பேசுவது அதில் தெரிய வேண்டும். எனக்கு அனுப்பிய வீடியோவில் திரை தனியாக ஓடியது, ஃபிளிப்பர் தனியாக அடித்தது. இரண்டையும் ஒட்டித்தான் எனக்கு விற்றார்கள். அதோடு, பின்கதவைத் திறந்து போர்டுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். அவர் அப்படியே கேட்டிருக்கிறார். இதுவரை பதில் வரவில்லையாம், அவரும் பணம் அனுப்பவில்லை.

ரீவைண்டிங் கடை அண்ணன் பழைய சுற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரித்து, அதே கனத்தில் எனாமல் கம்பி போட்டு இரண்டு காயிலையும் சுற்றிக் கொடுத்துவிட்டார். கூலி 600 ரூபாய்தான் வாங்கினார். சரியான ஃபியூஸ் போட்டாயிற்று. அரித்த போர்டை நீர்த்த வினிகரால் துடைத்து, கழுவி, ஆல்கஹாலில் உலர்த்தி வைத்திருக்கிறேன், அறுந்த தடங்களை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டிருக்கிறேன். விடியட் போர்டு இல்லாமல் இது முழு மெஷின் ஆகாது. யாரிடமாவது இருந்தால், உடைந்ததாக இருந்தாலும், சொல்லுங்கள். நேரில் வந்து, கரண்ட் இருக்கும் நாளில் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.