வெள்ளவத்தைச் சைவக் கடை: சொதிக்கு முழுப் புள்ளி, பில்லுக்குப் பாதி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கிற ஒரு சைவக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. நான் குறை சொல்லப்போகிற விஷயத்தில் அக்கம்பக்கத்துக் கடைகள் பலவும் ஒரே மாதிரித்தான், ஒன்றை மட்டும் பிடித்து அடிப்பது நியாயமில்லை. அடையாளம் வேண்டுமென்றால், வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வடை, கீழே அவசரமாகச் சாப்பிட்டுப் போகிறவர்களுக்கான மேசைகள், மேலே ஏசி போட்டுக் குடும்பங்களுக்கென்று ஒரு மாடி. அந்த அடையாளத்துக்கும் நாலைந்து கடை தேறும், விடுங்கள்.

சாப்பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு போனால் இடியப்பம் ஆவி பறக்க வரும். சிவப்பு மா இடியப்பமாகக் கேட்டு வாங்குங்கள், வெள்ளை கொஞ்சம் ஒட்டுகிறது. சொதிதான் இந்தக் கடையின் ஆள். திரையாத தேங்காய்ப்பால், வெந்தயம் கடிபடுகிறது, பச்சைமிளகாய் முழுசாகக் கிடக்கிறது, இறக்கிய பிறகு விட்ட தேசிக்காய்ப் புளி. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிப்போன காலத்திலும் இவர்கள் அதில் தண்ணீர் கூட்டவில்லை, அதற்காகவே கும்பிடலாம். சம்பல் அளவு மட்டும் சுருங்கிவிட்டது, முன்பு தட்டில் அள்ளி வைத்ததை இப்போது சின்னக் கிண்ணத்தில் கொண்டு வருகிறார்கள். உழுந்து வடை நல்லது, மசாலாத் தோசை பரவாயில்லை, கோப்பி வேண்டாம். பரிமாறுகிற தம்பிமார் தங்கமான பிள்ளைகள், சொதி வாளியோடு வந்து "அக்கா, இன்னும் விடவா?" என்று தாங்களாகவே கேட்பார்கள்.

இனி பில்.

விலைப்பட்டியலில் இருக்கிற விலையை நம்பி மேல்மாடியில் உட்கார்ந்தால் எழும்பும்போது திடுக்கிடுவீர்கள். வரி சேர்க்காத விலை என்று கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. நாலு பேர் 4,000 ரூபாய்க்குச் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 10 வீதம், 400. சமூகப் பாதுகாப்பு வரி என்று 2.5 வீதம், 100. வற் என்கிற பெறுமதி சேர் வரி 18 வீதம், 720. மொத்தம் 5,220. இதுவும் எல்லாவற்றையும் அந்த 4,000த்தின் மேலேயே கணக்குப் பார்த்தால்தான், ஒன்றின் தலையில் மற்றதை ஏற்றினால் இன்னும் கூடும், இவர்கள் எதைச் செய்கிறார்கள் என்று அந்தக் கடதாசித் துண்டைப் பார்த்து எனக்கு விளங்கவில்லை. கவுண்டரில் கேட்டால் "எல்லாம் கவர்மெண்ட் டக்ஸ்தான்" என்று பதில்.

அது பொய். வற்றும் சமூகப் பாதுகாப்பு வரியும் இறைவரித் திணைக்களத்துக்குப் போகிறவை, சரி. சேவைக் கட்டணம் வரியே இல்லை, அதில் ஒரு சதமும் அரசாங்கத்துக்குப் போவதில்லை, வரிகளுக்கு நடுவில் அதை அச்சடித்து வைத்தால் நாங்களும் நாட்டு நிலைமை என்று பெருமூச்சு விட்டுக் கட்டிவிட்டு வருகிறோம். பில்லுக்கு நான் புள்ளி வெட்டியது இதற்குத்தான். வற் எடுக்கிற கடையா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: பில்லில் வற் இலக்கம் இருக்க வேண்டும், அது 7000 என்று முடியும். இந்தக் கடையில் அது இருக்கிறது, அந்தளவில் நேர்மை.

வற் 18 ஆனதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. 2019 டிசம்பரில் 15 வீதமாக இருந்ததை ஒரேயடியாக 8 ஆக்கினார்கள், வருடத்துக்கு ஒரு கோடியே 20 இலட்சத்துக்கு வியாபாரம் செய்தாலே பதிய வேண்டும் என்றிருந்த எல்லையை 30 கோடிக்குத் தூக்கினார்கள், சம்பளத்தில் கட்டாயமாக வரி பிடிப்பதையும் நிறுத்தினார்கள். எல்லாருக்கும் சந்தோஷம், எங்கள் வீட்டிலும்தான். அப்புறம் கொரோனா, கடன், டொலர் இல்லை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரிப்பு. அதே வருடம் ஜூனில் வற் 12, செப்டெம்பரில் 15. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலருக்குத் தலையாட்டியது, 2024 ஜனவரியில் வற் 18. வரி வருமானத்தைக் கூட்டாமல் அந்தப் பணம் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்குள்ள கோபம் வரி ஏறியதில் இல்லை, 2019இல் அதை இறக்கியவர்கள் ஒருவரும் இன்றைக்கு இந்த மேசையில் உட்கார்ந்து பில் பார்ப்பதில்லை என்பதில்தான்.

சம்பளத்திலும் அதே கதை. மாதம் இரண்டு இலட்சம் வாங்குகிறவருக்கு 2023இல் 10,500 ரூபாய் வெட்டினார்கள், 2025 ஏப்ரலில் வரியில்லா எல்லையை ஒன்றரை இலட்சமாக்கிய பிறகு அது 3,000 ஆனது. மிச்சமான 7,500 பெரிய காசு மாதிரித் தெரியும். மேல்மாடியில் நாலு பேர் ஒருமுறை சாப்பிட்டால் பாதிக்கு மேல் போய்விடும்.

மேல்மாடியில் முன்பு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வருகிற குடும்பங்கள் வரிசையில் நிற்கும், அது விசேஷமே இல்லை, அன்றைக்கு வீட்டில் சமைப்பதில்லை, அவ்வளவுதான். இப்போது பிறந்தநாளுக்குத்தான் வருகிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு அம்மா மசாலாத் தோசையை நடுவால் பிய்த்து இரண்டு பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டுத் தனக்குப் பிளேன்ரீ மட்டும் சொன்னார், தண்ணீர்ப் போத்தல் கைப்பைக்குள்ளிருந்து வந்தது. அவரைப் பார்த்தால் கஷ்டப்பட்டவர் மாதிரி இல்லை, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. வசதியாக இருப்பது என்று நாங்கள் நினைத்து வைத்திருந்த அளவே இறங்கிவிட்டது, இறங்கியது தெரியாமலே பழகியும்விட்டோம். பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 70 வீதம் வரை போய், 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே வந்தது. செய்தியில் கேட்டவர்கள் தோசையும் பழைய விலைக்கு வரும் என்று நினைத்தார்கள். ஏறியது ஏறினபடி நிற்கிறது, மேலும் ஏறுவது நின்றது, அவ்வளவுதான்.

"அப்படியென்றால் ஒழுங்கைக்குள் இருக்கிற சின்னக் கடைக்குப் போகலாமே, அங்கே வற்றே இல்லையே" என்பார்கள். போகலாம், நானும் போகிறேன். 2025இல் வருடத்துக்கு ஆறு கோடிக்குக் குறைவாக வியாபாரம் செய்தால் வற் பதிவு தேவைப்படவில்லை, நாளொன்றுக்கு ஒரு இலட்சத்து அறுபதாயிரம் அளவுக்கு விற்கும்வரை தப்பலாம் என்றிருந்தது (2026 வரவு செலவுத் திட்டத்தில் இந்த எல்லையை 3 கோடியே 60 இலட்சமாக இறக்க முன்மொழிந்தார்கள், சின்னக் கடைகளும் கவனம்). ஆனால் 2024 ஜனவரியிலிருந்து காஸ் சிலிண்டருக்கும் டீசலுக்கும் வற் உண்டு. பெரிய கடை, தான் வாங்கும்போது கட்டிய வற்றைத் தான் வசூலித்ததிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாத கடைக்கு அந்த வழி இல்லை, அடுப்புக்குக் கட்டிய வரி புட்டு விலைக்குள்ளேயே கரைந்து வருகிறது. பில்லில் தெரியாது, வாயில்தான் தெரியும், அங்கே சொதி தண்ணி.

சாப்பாட்டுக்கு ஐந்துக்கு நாலரை, பில்லுக்கு இரண்டரை. என் யோசனை: கீழே உட்காருங்கள், அங்கே சேவைக் கட்டணம் எடுப்பதில்லை, சொதி அதே குசினியிலிருந்துதான் வருகிறது. வீட்டில் நாலைந்து பேர் என்றால் பார்சல் கட்டுவது இன்னும் நல்லது, சொதியைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இடியப்பத்தோடு ஒன்றாகப் போட்டால் வீடு போவதற்குள் களியாகிவிடும். வாகனம் நிறுத்த இடமில்லை. கார்ட் எடுப்பார்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் கீழே தரமாட்டார்கள்.