கிளிஞ்சலா, கல்லா, பாக்கெட்டா? பத்தாண்டுச் சுண்ணாம்பு அனுபவம்

நாகப்பட்டினம் பக்கத்தில், கடற்காற்று நேராக வந்து மோதும் தெருவில் இருக்கிறது எங்கள் பழைய மச்சு வீடு. செங்கல் சுவர், தேக்கு உத்தரம், மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட மொட்டை மாடி. 2014-இல் பழுதுபார்த்தபோது மூன்று விதச் சுண்ணாம்பு வாங்கினோம். வெறுமனே 'சுண்ணாம்பு' என்று கேட்டு வாங்குவது, அரிசிக் கடையில் போய் 'அரிசி' என்று மட்டும் சொல்வதைப் போன்றது. இந்தியத் தர நிர்ணயம் 712-கூட கட்டடச் சுண்ணாம்பை ஏ முதல் எஃப் வரை ஆறு வகுப்பாகப் பிரிக்கிறது.

உள்சுவரின் மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. காளவாயிலிருந்து வரும் சுட்ட கிளிஞ்சல், சிப்பி வடிவம் கலையாமலே இருக்கும். தண்ணீர் தெளித்தால் சீறிச் சூடேறி, வெடித்து, மாவாக உதிர்ந்துவிடும். அதைச் சலித்து, தொட்டியில் தண்ணீருக்கடியில் வெண்ணெய்ப் பதம் வரும்வரை ஊறப்போட்டோம். பூசிய பிறகு கொத்தனார் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். இன்றுவரை ஒரு வெடிப்பு இல்லை. ஆனால் கிளிஞ்சலை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே சுட்டிருக்க வேண்டும். கடல் உப்பு தங்கியிருந்தால் பூச்சில் உப்புப் பூத்துவிடும்.

கீழ்ப்பூச்சுக்கும் கட்டு வேலைக்கும் கல் சுண்ணாம்பு. சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எடையில் நூற்றுக்கு 44 பங்கு கரியமில வாயுவாக வெளியேறிவிடும். சுவரேறிய பின் அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்லத் திரும்ப வாங்கித்தான் பூச்சு இறுகுகிறது. அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. இதில் தொல்லை தருபவை, காளவாயில் அளவுக்கு மீறிச் சுடப்பட்ட துணுக்குகள். அவை தண்ணீரில் நீறாமல், அதாவது மாவாக உதிராமல், பூச்சுக்குள் கிடந்து, மாதக்கணக்கில் கழித்து ஈரம் பட்டதும் உப்பி மேல்பரப்பைத் தெறிக்கவிடும். எங்கள் நடைச் சுவரில் அப்படிச் சில குழிகள் விழுந்தன: கூம்பு வடிவம், நட்டநடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. சுரண்டி அடைத்தோம், மறுபடி வரவில்லை. நெடுநாள் ஊறவைத்து நெருக்கமான சல்லடையில் சலிப்பதே இதற்கு மருந்து.

மொட்டை மாடிக்கும் கல் சுண்ணாம்புதான், செங்கல் ஜல்லியோடு. செங்கல்லில் உள்ள சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும். சுக்கான் கல்லைச் சுட்டு எடுக்கும் சுண்ணாம்பில் களிமண் இயல்பாகவே கலந்திருப்பதால் அதற்கும் இந்தக் குணம் உண்டு; எங்களுக்கு அது கிடைக்கவில்லை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்கிய சுருக்கித் தளம், அதன்மேல் தட்டையான ஓடு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. தெருவில் தென்னைகள் சாய்ந்து கிடந்தன, எங்கள் தளத்தில் ஒழுக்கு இல்லை. அடித்தவர்களின் கைக்குத்தான் அந்தப் பெருமை.

பின்கட்டு அறைக்கு மட்டும் பாக்கெட் சுண்ணாம்புத் தூள் வாங்கினோம். கிடங்கில் வெகுநாள் கிடந்த சரக்கு போலும், காற்றுப்பட்டு வீரியம் போயிருந்தது. ஓராண்டிலேயே சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டியது. அதை முழுக்கக் கொத்திவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பில் மறுபடி பூசினோம். வெள்ளையடிக்க வேண்டுமானால் பாக்கெட் போதும், பூச்சுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இனி ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். முன்பு யாரோ சுவரின் அடியில் இடுப்பளவுக்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியின்றி அதற்கும் மேலே ஏறி, செங்கல்லையே பொடியாக அரித்திருந்தது. சிமெண்டைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்பு பூசிய பிறகு, ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் உயரம்வரை ஈரம் தெரிகிறது, மாசிக்குள் காய்ந்துவிடுகிறது. உப்பு பூச்சிலேயே தங்குவதால் அடிப்பட்டை பொரிந்து, ஒருமுறை புதிதாகப் பூச வேண்டியிருந்தது. இதைச் சுண்ணாம்பின் குறையாக நினைத்துப் பலர் சிமெண்டுக்கே திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு தான் அழிவதால்தான் உள்ளே செங்கல் முழுசாக நிற்கிறது. அந்த அடிப்பட்டைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செலவு உண்டு என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றுவதென்றால் கண்ணாடி அணியாமல் தொட்டிப் பக்கம் போகவேண்டாம். தண்ணீர் கொதித்துத் தெறிக்கும், ஒரு துளி போதும் கண்ணைக் கெடுக்க. சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடவேண்டும். குவியலின் மேல் மொத்தமாகத் தண்ணீரைக் கொட்டக் கூடாது.